பெயரும் திறனும்: பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் மறுஇணைவு குறித்த இரசிகர் விவாதம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலண்டனில் 1965இல் தோன்றிய பிங்க் ஃபிளாய்ட் என்னும் ராக் இசைக்குழுவிலிருந்து 1985இல் ரோஜர் வாட்டர்ஸ் விலகினார். அன்று முதல் அக்குழு மீண்டும் இணையுமா, இணைய வேண்டுமா, உறுப்பினருள் யாருடைய திறன் குழுவின் உயிராக இருந்தது என்னும் வினாக்கள் இரசிகரிடையே இடையறாது எழுந்து வந்துள்ளன. அவ்விவாதம் வாட்டர்ஸின் சொல்லையும் டேவிட் கில்மோரின் ஒலியையும் இரு தட்டுகளில் வைத்து எடை போடும் முறையிலேயே பெரிதும் நிகழ்ந்தது. இம்முறை இசைப்பதிவுகளிலிருந்து பிறந்ததன்று. படைப்புரிமைக் குறிப்புகளும் 1986–87ஆம் ஆண்டுகளின் பெயர் வழக்குமே அதற்கு வடிவம் தந்தன என்பதையும், அதனால் ரிச்சர்ட் ரைட் போன்றோரின் பங்கு பார்வையிலிருந்து மறைந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: பிங்க் ஃபிளாய்ட், ராக் இசை வரலாறு, கூட்டுப்படைப்பு, படைப்புரிமை, இரசிகர் விவாதம், மறுஇணைவு.

முன்னுரை

கூட்டாகப் படைக்கப்படும் கலையில் ஒருவரது பங்கை எவ்வாறு அளப்பது என்பது கலை வரலாற்றாய்வின் பழைய சிக்கல்களுள் ஒன்று. ராக் இசைக்குழுவில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகின்றது. அங்குப் பாடல் எழுதுவோரும் இசையமைப்போரும் பாடுவோரும் கருவி இசைப்போரும் பெரும்பாலும் ஒரே நால்வர் அல்லது ஐவராக இருப்பர். ஒருவர் கொண்டுவரும் கருத்து மற்றொருவர் கையில் மாறிப் பதிவுக்கூடத்தை விட்டு வெளிவரும்போது, அதன் தொடக்கம் யாரிடம் இருந்தது என்பதை அவர்களே மறந்துபோவதுண்டு.

குழு ஒன்றாக இருக்கும்வரை இவ்வினா பெரிதாக எழுவதில்லை, பிரிந்தபின்னரே எழுகின்றது. குழு மீண்டும் இணைய வேண்டும் என்று விழைவோர், யார் இல்லாமல் குழு குழுவாகாது என்பதற்கு விடை கூற வேண்டியவர் ஆகின்றனர். ஆகவே, மறுஇணைவு பற்றிய விவாதம் எப்போதும் திறன் மதிப்பீடாகவும் அமைகின்றது. இவ்வியல்பை நன்கு காட்டும் சான்று பிங்க் ஃபிளாய்ட். பிரிவு, வழக்கு, ஒரு மாலைநேர இணைவு, இறப்பு ஆகிய அனைத்தும் இக்குழுவின் வரலாற்றில் நிகழ்ந்துள்ளன.

1. தோற்றமும் முதற்பிரிவும்

இலண்டன் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயில வந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரோடு, கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் பயில இலண்டன் வந்த சிட் பாரெட் இணைந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் அமெரிக்க ப்ளூஸ் இசைக்கலைஞர் இருவரின் பெயர்களிலிருந்து குழுவுக்குப் பெயர் சூட்டியவர் பாரெட்டே. 1967 ஆகஸ்டில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பின் பிரித்தானியப் பதிப்பில் உள்ள 11 பாடல்களுள் எட்டு பாரெட் தனித்து எழுதியவை. வாட்டர்ஸ் எழுதியது ஒன்றே. கிதார் இசைத்தவரும் முதன்மைப் பாடகரும் பாரெட்டே ஆவார்.

மனநலம் குன்றிய நிலையில் 1968இல் பாரெட் குழுவை விட்டு விலக நேர்ந்தது. அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பரான டேவிட் கில்மோர் அதற்குச் சற்று முன்னரே குழுவில் சேர்ந்திருந்தார். பெயரைத் தந்தவரும் பாடல்களைத் தந்தவரும் ஒருவராக இருந்த நிலையிலும், அவர் போனபின் குழு நின்றுவிடவில்லை. ‘யார் போனால் பிங்க் ஃபிளாய்ட் இல்லை’ என்று பிற்காலத்தில் எழுந்த வினாவுக்கு, குழுவின் வரலாறு 1968இலேயே ஒரு விடையைத் தந்துவிட்டது. பிற்கால விவாதங்களில் இரு தரப்பினரும் இதனைத் தத்தம் வசதிக்கேற்பவே நினைவுகூர்ந்தனர்.

2. படைப்புரிமைக் குறிப்புகள் காட்டுவனவும் மறைப்பனவும்

இசைத்தொகுப்பின் உறையில் ஒவ்வொரு பாடலுக்கும் இயற்றியவர் பெயர் அச்சிடப்படும். உரிமைத்தொகை இக்குறிப்பின்படியே பகிர்ந்தளிக்கப்படுகின்றது. இரசிகருக்கும் எளிதிற் கிட்டும் சான்று இதுவே. எனவே, திறன் பற்றிய வாதங்கள் பெரிதும் இக்குறிப்புகளையே அடிப்படையாகக் கொண்டன.

1971இல் வெளிவந்த ‘மெடில்’ தொகுப்பின் ‘எக்கோஸ்’ என்னும் 23 நிமிடப் படைப்பு நால்வர் பெயரிலும் அமைந்தது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் ஒற்றைச் சுரம், ரைட்டின் பியானோ ஒலி சுழலும் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தப்பட்டதால் கிடைத்தது. 1973இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பில் பாடல்வரிகள் அனைத்தும் வாட்டர்ஸுடையவை. இசைக்கான குறிப்புகளோ பலரிடையே பகிரப்பட்டுள்ளன. ‘டைம்’ நால்வருக்கும் உரியது. ‘அஸ் அண்ட் தெம்’ வாட்டர்ஸுக்கும் ரைட்டுக்கும் உரியது. ‘மணி’ வாட்டர்ஸ் ஒருவருக்கே உரியது.

1975ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘விஷ் யூ வேர் ஹியர்’ வரை இப்பகிர்வு நீடித்தது. அதன்பின் நிலை மாறியது. 1977இன் ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் ஒரு பாடலில் மட்டுமே கில்மோர் பெயர் வாட்டர்ஸ் பெயருடன் இடம்பெற்றது. ரைட் பெயர் எதிலும் இல்லை. 1979இல் வெளிவந்த ‘தி வால்’ இரட்டைத் தொகுப்பின் 26 பாடல்களுள் மூன்றில் மட்டுமே கில்மோர் பெயர் காணப்படுகின்றது. 1983இன் ‘தி ஃபைனல் கட்’ முழுவதும் வாட்டர்ஸ் இயற்றியது. அவர் படைத்ததை பிங்க் ஃபிளாய்ட் இசைத்தது என்ற பொருள்பட அதன் உறையே அறிவித்தது.

இவ்வரிசையை மட்டும் நோக்கினால், கூட்டுப்படைப்பு படிப்படியாகத் தனிப்படைப்பாகியது என்னும் முடிவே கிட்டும். ஆயின், இக்குறிப்புகள் சட்டப்பொருளில் ‘இயற்றுதல்’ எனக் கருதப்பட்டதை மட்டுமே பதிவு செய்கின்றன. சொல்லும் மெட்டும் இயற்றுதலாகும். கருவியில் இசைக்கப்படும் தனி வாசிப்பும் ஒலியின் நிறமும் பெரும்பாலும் அதில் அடங்கா. ‘மணி’ பாடல் ஏழு தட்டுத் தாளத்தில் இயங்குவது. கிதார் தனி வாசிப்பின்போது நான்கு தட்டுக்கு மாறுகின்றது. கேட்போர் நினைவில் நிற்கும் அவ்வாசிப்பும் பாடலின் முதன்மைக் குரலும் கில்மோருடையவை. குறிப்பில் அவர் பெயர் இல்லை.

‘தி வால்’ தொகுப்பின் புகழ்பெற்ற பள்ளிப் பாடல் இதனை மேலும் தெளிவாக்கும். ‘அனதர் பிரிக் இன் தி வால்’ என்பதன் இரண்டாம் பகுதியாகிய அப்பாடல் வாட்டர்ஸ் பெயரில் உள்ளது. அதற்கு நடனத் தாளம் சேர்க்கத் தூண்டியவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். இறுதியில் ஒலிக்கும் கிதார் கில்மோருடையது. உடன் பாடியோர் இலண்டன் இஸ்லிங்டன் பகுதிப் பள்ளி மாணவர். இத்தனை பேர் கைபட்டே அப்பாடல் 1979 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

3. பெயர் வழக்கு

1985 டிசம்பரில் வாட்டர்ஸ் விலகினார். தம்மோடு குழுவும் முடிந்ததாகவே அவர் கருதினார். கில்மோரும் மேசனும் அப்பெயரிலேயே தொடர முற்பட்டபோது, 1986 அக்டோபரில் அவர் இலண்டன் உயர்நீதிமன்றத்தை அணுகினார். 1987 செப்டம்பரில் ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ பிங்க் ஃபிளாய்ட் பெயரில் வெளிவந்து, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மூன்றாம் இடத்தை எட்டியது. அதே ஆண்டு ஜூனில் வெளிவந்திருந்த வாட்டர்ஸின் தனித்தொகுப்பு பிரித்தானியாவில் 25ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 50ஆம் இடத்தையுமே பெற்றது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் இரு தரப்பினரும் வட அமெரிக்காவில் தனித்தனியே கச்சேரிகள் நிகழ்த்தினர். குழுவின் கச்சேரிகள் பேரரங்குகளில் நடந்தன. வாட்டர்ஸின் கச்சேரிகள் அவற்றினும் சிறிய அரங்குகளில் நடந்தன.

1987 டிசம்பரில் இரு தரப்பினரும் உடன்பாடு கண்டனர். பெயர் கில்மோருக்கும் மேசனுக்கும் உரியதாயிற்று. ‘தி வால்’ படைப்பை மேடையேற்றும் உரிமை வாட்டர்ஸுக்குக் கிடைத்தது. தாம் வழக்குத் தொடுத்தது தவறு என்று 2013இல் வாட்டர்ஸே பொதுவெளியில் கூறினார்.

இவ்வழக்கு இரசிகர் விவாதத்தில் ஏற்படுத்திய விளைவு ஆழமானது. வழக்கில் இரு தரப்புகளே இருக்க இயலும். ஆதலால் விவாதத்திலும் இரு தரப்புகளே நிலைபெற்றன. கூட்டுப்பெயருக்கு உரியவர் யார் என்னும் சட்டவினா, கூட்டுப்படைப்பின் உயிர் யாரிடம் இருந்தது என்னும் கலைவினாவாக மாற்றிக் கேட்கப்பட்டது. சட்டவினாவுக்கு ஒற்றை விடை தேவை. கலைவினாவுக்கு அத்தேவை இல்லை. இவ்வேறுபாடு விவாதத்தில் கருதப்படவில்லை.

4. இரு தரப்பு வாதங்கள்

1983 முதல் 1993 வரை பிரித்தானியாவில் வெளிவந்த ‘தி அமேசிங் புட்டிங்’ போன்ற இரசிகர் இதழ்கள் செழித்த காலமும் குழு பிளவுற்றிருந்த காலமும் ஒன்றே. அக்காலம் முதல் இன்றுவரை இரு தரப்பினரும் முன்வைத்துவரும் வாதங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

வாட்டர்ஸ் தரப்பினரின் வாதம் கருத்தை முதன்மையாகக் கொண்டது. 1973 முதல் 1983 வரை வெளிவந்த ஐந்து தொகுப்புகளின் பாடல்வரிகள் அனைத்தும் வாட்டர்ஸுடையவை. போரில் தந்தையை இழந்த மகனின் துயரம், இசைத்தொழிலின் பேராசை, பார்வையாளருக்கும் கலைஞருக்கும் இடையே எழும் சுவர் ஆகியவற்றை ஒரே இழையில் கோத்தவர் அவரே. அவர் இன்றி வந்தவை ஒலியில் மட்டுமே பிங்க் ஃபிளாய்டை ஒத்தவை என்பர் இத்தரப்பினர். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பைத் திறமையுடன் செய்யப்பட்ட போலி என்ற பொருளில் வாட்டர்ஸே விமர்சித்தது அவர்களுக்கு வலுச்சேர்த்தது.

கில்மோர் தரப்பினரின் வாதம் கேட்கும் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டது. குழுவின் இசையைச் சில நொடிகளிலேயே அடையாளம் காட்டுவது கிதாரும் குரலுமே. ‘ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்’ படைப்பு அவர் கண்ட நான்கு சுரத் தொடரிலிருந்தே வளர்ந்தது. வாட்டர்ஸ் ஆதிக்கம் முழுமையடைந்த ‘தி ஃபைனல் கட்’ தொகுப்பில் இசை சொல்லுக்குப் பணியாளாகியது என்பர் இத்தரப்பினர்.

இவ்விரு வாதங்களும் உண்மையின் பகுதிகளே. ஆயினும், பிரிவுக்குப் பின் இருவரும் செய்தவற்றை ஒப்பிட்டால் மூன்றாவது உண்மை ஒன்று புலப்படுகின்றது. வாட்டர்ஸ் 1984ஆம் ஆண்டுத் தனித்தொகுப்புக்கு எரிக் கிளாப்டனையும், 1992ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு ஜெஃப் பெக்கையும் கிதார் இசைக்க அழைத்தார். கில்மோர் 1987இல் ஆந்தனி மூர் முதலியோரிடமும், 1994இல் வெளிவந்த ‘தி டிவிஷன் பெல்’ தொகுப்புக்குப் பின்னாளில் தம் மனைவியான எழுத்தாளர் பாலி சாம்சனிடமும் பாடல்வரிகளுக்கு உதவி பெற்றார். சொல் வல்லவர் கிதார் கலைஞரைத் தேடினார். கிதார் கலைஞர் சொல் வல்லவரைத் தேடினார். தம்மிடம் இல்லாதது எது என்பதை இருவரும் தம் செயலால் ஒப்புக்கொண்டனர் எனலாம்.

‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடலின் உருவாக்கமும் இதனையே உணர்த்தும். அதன் இசைக்கரு கில்மோர் தம் தனித்தொகுப்புக் காலத்தில் வைத்திருந்தது; சொற்கள் வாட்டர்ஸுடையவை. வாத்தியக்குழு சேர்ந்த மென்மையான வடிவத்தை வாட்டர்ஸும் எஸ்ரினும் விரும்பினர். கடுமையான வடிவத்தைக் கில்மோர் விரும்பினார். கடும் பூசலுக்குப் பின் இரு வடிவங்களின் பகுதிகளும் இணைக்கப்பட்டன. இரு தரப்பு இரசிகரும் குழுவின் சிகரம் என ஒருமித்துப் போற்றும் இப்பாடல், இருவருள் எவரும் முழுமையாக வெல்லாததன் விளைவு என்பது கருதத்தக்கது.

5. தராசில் ஏறாதவர்

இரு தட்டுத் தராசில் மூன்றாமவருக்கு இடமில்லை. ரைட்டின் நிலை அதற்குச் சான்று. ‘தி வால்’ உருவானபோது அவர் போதிய பங்களிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டு, குழுவிலிருந்து விலகுமாறு வற்புறுத்தப்பட்டார். 1980–81ஆம் ஆண்டு மேடை நிகழ்ச்சிகளில் ஊதியம் பெறும் இசைஞராகவே பங்கேற்றார். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் முழு உறுப்பினராக இல்லை. 1994இல்தான் அவர் பெயர் இயற்றுவோர் வரிசையில் மீண்டும் தோன்றியது. ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ என்னும் பாடலுக்கு இசையமைத்து அவரே முதன்மைக் குரலில் பாடினார்.

ரைட்டின் பங்கைக் குறிப்புகளால் அளப்பது கடினம். ஜாஸ் இசையின் சாயல் படிந்த அவருடைய இசையடுக்குகளின்மீதே கில்மோரின் கிதார் நீண்டு ஒலிக்க இடம் பெற்றது. ‘டைம்’ முதலிய பாடல்களில் கில்மோரின் குரலோடு இழைந்து வருவதும் அவர் குரலே. இவை மெட்டுமல்ல, சொல்லுமல்ல; ஆதலால் எண்ணிக்கையில் சேர்வதில்லை.

குறிப்புகளின் குறைபாடு ரைட்டையே மற்றொரு பக்கத்திலும் நிறுத்தியது. 1973ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ ரைட் ஒருவர் பெயரில் வெளிவந்தது. அதில் சொற்களின்றி உயர்ந்து ஒலிக்கும் பெண்குரல், நாட்கூலியாக 30 பவுண்டு பெற்ற கிளேர் டோரி என்னும் பாடகி பதிவுக்கூடத்திலேயே கற்பனையாகப் பாடியது. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் உடன்பாடு ஏற்பட்டு, அவரும் இயற்றியோருள் ஒருவராக ஏற்கப்பட்டார். உறையில் அச்சிட்டதே இறுதிச் சான்று என்னும் கொள்கை, 32 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு திருத்தம் பெற்றது.

6. 2005 ஜூலை 2

இலண்டன் ஹைட் பார்க்கில் 2005 ஜூலை 2 அன்று நடைபெற்ற ‘லைவ் 8’ நிகழ்ச்சியில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் ஆகிய நால்வரும் ஒரே மேடையில் தோன்றினர். 1981 ஜூனில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் இசைத்தபின், 24 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த இணைவு இது. நிகழ்ச்சியை ஒருங்கிணைத்தவரும், 1982இல் ‘தி வால்’ திரைப்படத்தில் நாயகனாக நடித்தவருமான பாப் கெல்டாஃப் இதற்கு முயன்றார். ‘பிரீத்’, ‘மணி’, ‘விஷ் யூ வேர் ஹியர்’, ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ ஆகிய நான்கு பாடல்கள் இசைக்கப்பட்டன. இங்கில்லாதவர்களுக்காக, சிறப்பாக சிட் பாரெட்டுக்காக இசைப்பதாக வாட்டர்ஸ் மேடையிலேயே கூறினார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கும் 1973க்கும் 1979க்கும் இடைப்பட்டவை. வாட்டர்ஸ் தனித்து மேலோங்கிய 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்தோ, அவர் இன்றி உருவான தொகுப்புகளிலிருந்தோ ஒரு பாடலும் இடம்பெறவில்லை. நான்கு பாடல்களின் சொற்களும் வாட்டர்ஸுடையவை. நான்கிலும் கில்மோரின் குரலும் கிதாரும் ஒலித்தன. இருபது ஆண்டு விவாதத்துக்கு அத்தேர்வே விடையாக அமைந்தது.

அதனை அடுத்து, குழுவின் 2001ஆம் ஆண்டுத் தேர்வுத் தொகுப்பின் விற்பனை பிரித்தானியக் கடைத்தொடர் ஒன்றில் 1343 விழுக்காடு உயர்ந்ததாகச் செய்தி வெளிவந்தது. அவ்வாறு வந்த ஆதாயத்தை அறப்பணிக்கு அளிப்பதாகக் கில்மோர் அறிவித்தார். உலகச் சுற்றுப்பயணத்துக்குப் பெருந்தொகை தர முன்வந்தோர் இருந்தும் அவர் இசையவில்லை. இரசிகருள் ஒரு சாரார் இதனைப் பிடிவாதம் என்றனர். மற்றொரு சாரார் நல்ல முடிவு என்றனர்.

7. இணைவின் முடிவும் விவாதத்தின் தொடர்ச்சியும்

2006 ஜூலை 7 அன்று பாரெட் மறைந்தார். 2007 மே மாதம் இலண்டன் பார்பிகன் அரங்கில் நடந்த அவரது நினைவு நிகழ்ச்சியில் வாட்டர்ஸ் தனியாகவும் ஏனைய மூவர் சேர்ந்தும் ஒரே மாலையில் வெவ்வேறு வேளைகளில் இசைத்தனர். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் தம் 65ஆம் வயதில் மறைந்தார். ரைட் இல்லாத நிலையில் பிங்க் ஃபிளாய்ட் என்னும் பெயரில் மேடையேறுவது பொய்யாகும் என்ற கருத்தைக் கில்மோர் பின்னாளில் வெளிப்படுத்தினார். வாட்டர்ஸா, கில்மோரா என்று விவாதித்தோர் எண்ணிப் பாராத ஒருவரின் இறப்பே மறுஇணைவு என்னும் வினாவுக்கு முற்றுப்புள்ளி இட்டது.

2011 மே 12 அன்று வாட்டர்ஸின் ‘தி வால்’ நிகழ்ச்சியில் கில்மோரும் மேசனும் விருந்தினராகத் தோன்றினர். 2014இல் வெளிவந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’, 1993ஆம் ஆண்டளவில் ரைட்டுடன் பதிவு செய்து எஞ்சியவற்றிலிருந்து உருவாக்கப்பட்டது, பெரும்பாலும் சொற்களற்றது. 2023இல் வாட்டர்ஸ் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பைத் தாமே மீண்டும் பதிவு செய்து, கிதார் தனி வாசிப்புகளை நீக்கி உரைப்பகுதிகளைச் சேர்த்தார். முன்னது சொல் நீங்கிய பிங்க் ஃபிளாய்ட். பின்னது கிதார் நீங்கிய பிங்க் ஃபிளாய்ட். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது யாது என்பதற்கு இவ்விரு படைப்புகளும் செவிப்புலச் சான்றுகளாக அமைகின்றன.

‘அனிமல்ஸ்’ தொகுப்பின் புதிய ஒலிக்கலவை 2018இல் ஆயத்தமாகியும் 2022இல்தான் வெளிவந்தது. அதில் இடம்பெறவிருந்த வரலாற்றுக் குறிப்புரையைக் கில்மோர் ஏற்காததே காலத்தாழ்வுக்குக் காரணம் என்று வாட்டர்ஸ் 2021இல் அறிக்கை விடுத்தார்; இறுதியில் அவ்வுரை இன்றியே தொகுப்பு வெளியிடப்பட்டது. இங்குப் பூசல் இசையைப் பற்றியதன்று. அவ்விசையின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்பது பற்றியது. பங்கேற்றோரின் கூற்றுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அக்கூற்றுகளும் வழக்கின் தொடர்ச்சியே என்பதை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சொல்லா, ஒலியா என்னும் எதிர்நிலை 1971–75ஆம் ஆண்டுகளின் பதிவுகளில் காணப்படுவதன்று; உரிமைத்தொகைக் கணக்கும் 1986–87ஆம் ஆண்டுகளின் வழக்கும் அதனை உருவாக்கின. படைப்புரிமைக் குறிப்பு ஒரு பொருளாதார ஆவணம். அதனைத் திறனின் அளவுகோலாகக் கொண்டால் ரைட், டோரி, எஸ்ரின் போன்றோரின் பங்கு விடுபடும். பிரிந்தபின் இருவரும் தேடிய துணைவர்களும், 2005இல் நால்வரும் தேர்ந்த பாடல்களும், குழுவின் ஆற்றல் உறுப்பினரின் திறன்கள் ஒன்றையொன்று தடுத்தும் தாங்கியும் இயங்கியதில் இருந்தது என்பதையே காட்டுகின்றன.

இரசிகர் விவாதத்தை வெறும் பற்றுச்சார்பு என ஆய்வாளர் ஒதுக்கிவிடுதலும் தகாது. யாருடைய பங்கு மறக்கப்பட்டது என்பதை அறிய, எதைப் பற்றி உரக்கப் பேசினர் என்பதைப் போலவே எதைப் பேசாது விட்டனர் என்பதும் சான்றாகும். கூட்டாகப் படைக்கப்பட்ட பிற கலைகளின் வரலாற்றை எழுதுவோரும், அச்சிட்ட பெயர்ப்பட்டியலோடு நில்லாது, படைப்பினுள்ளே கேட்கும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே இனங்காண முற்படுதல் வேண்டும்.